ஆலயத்தில் கிதார் இரைகிறது, வீட்டில் அவ்வளவு இல்லை: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

களியக்காவிளைப் பக்கம் ஓர் ஆலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறவரின் கேள்வி இது. கிதார் ஸ்ட்ராட் வகை (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியிலான எலக்ட்ரிக் கிதார்). ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் மூன்று, ஒவ்வொன்றிலும் ஒரே கம்பிச்சுருள், அதாவது 'சிங்கிள் காயில்'. வீட்டில் சின்ன ஆம்ப்பில் லேசான இரைச்சல்தான். ஆலயத்தில் மிக்ஸரில் செருகினால் ஜெபத்துக்கு நடுவிலும் ஜர்ரென்று கேட்கிறது. ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறைகிறது, கையை எடுத்தால் திரும்பிவிடுகிறது. பிக்கப்பை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மிக்ஸர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர்.

இரண்டுமே வேண்டாம். முதல் யோசனை பணத்தை வீணாக்கும், இரண்டாவது உயிரை வாங்கும். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் கிதாருக்குள் எர்த் அறுந்திருக்க வாய்ப்பு குறைவு. உள்ளே ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக மறைப்பு) போதவில்லை, ஆலயத்தின் கரண்ட் வேறு அழுக்காக இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

முதலில் காதால் பிரியுங்கள். 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் முனகுவது போன்ற சத்தம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர், டியூப்லைட் சோக், மின்விசிறி மோட்டார் ஆகியவற்றின் காந்தப்புலம் பிக்கப்பின் காயிலில் நேராக ஏறுவதால் வருவது. 'ஜ்ர்ர்ர்' என்று வண்டு போல அறுக்கிற சத்தத்தில் 100 ஹெர்ட்ஸும் அதற்கு மேலே அடுக்கடுக்கான அதிர்வெண்களும் இருக்கும். இது பெரும்பாலும் மின்புலமாக, காற்று வழியாக ஒயரிங்கில் தொற்றுவது. இந்த வித்தியாசம் முக்கியம். தாமிரத் தகடு ஒட்டினால் 'ஜ்ர்ர்' அடங்கும், 'ம்ம்' அடங்காது. மெல்லிய தாமிரம் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை ஏறக்குறைய அப்படியே உள்ளே விட்டுவிடும். பலர் ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டு ஷீல்டிங் செய்துவிட்டு, போகவில்லையே என்று நொந்துகொள்வது இதனால்தான்.

காந்தப்புலமா என்று அறிய, நின்ற இடத்திலேயே கிதாரோடு மெல்ல ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு திசையில் சத்தம் கிட்டத்தட்ட மறைந்து, 90 பாகை திரும்பினால் உச்சத்துக்குப் போனால் அது காந்தப்புலம். அடுத்து, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்சை 2, 4 ஆகிய நிலைகளில் வையுங்கள். அவற்றில் நடு பிக்கப் இன்னொன்றோடு சேர்ந்து ஒலிக்கும். இன்றைய ஸ்ட்ராட் வகைகளில் பெரும்பாலும் நடு பிக்கப்பின் காயிலும் காந்தமும் மற்ற இரண்டுக்கும் எதிர்மாறாக இருக்கும். அதனால் அந்த இரு நிலைகளில் முனகல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். இரண்டு காயில் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்பின் தத்துவமும் இதுவே. கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த வடிவமைப்பின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. ஆக, 2, 4 நிலைகளில் சத்தம் நன்றாகக் குறைந்தால் உங்கள் கிதாரில் கோளாறு எதுவும் இல்லை, சிங்கிள் காயிலின் இயல்பே அதுதான்.

அடுத்து தொடு சோதனை. இதைச் செய்யும் முன் கீழே எர்த் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால், பிரிட்ஜிலிருந்து (ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் உலோகப் பகுதி) ஜாக் வரை எர்த் ஒயர் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். உங்கள் உடம்பு ஓர் ஆன்டெனா. அறையிலுள்ள மின்புலத்தை வாங்கி, அருகிலிருக்கும் பிக்கப்புக்குக் கொடுக்கிறது. ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் உடம்பும் எர்த்தோடு சேர்ந்து, இரைச்சலைக் கொடுப்பதற்குப் பதிலாக மறைப்பாகிவிடுகிறது. ஸ்ட்ரிங்கைத் தொட்டால் மாற்றமில்லை, ஆனால் ஜாக்கில் செருகிய பின்னின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜ் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. தொட்டதும் இரைச்சல் கூடினால் எங்கோ இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன, பெரும்பாலும் ஜாக்கில். பழுது பார்த்து வந்த உடனே இப்படி ஆனால் வேறெங்கும் தேட வேண்டாம், ஜாக்கையே திறந்து பாருங்கள். டெலிகாஸ்டர் வகைக் கிதாரில் இன்னொரு சாத்தியமும் உண்டு. நெக் பிக்கப்பின் உலோக மூடி காயிலின் எர்த் முனையோடு உள்ளேயே இணைக்கப்பட்டிருக்கும். ஃபேஸ் (சிக்னலின் திசை) மாற்றுகிறோம் என்று அந்த இரு ஒயர்களையும் மாற்றிப் பற்றவைத்தால், மூடி முழுதும் சிக்னல் முனையாகிவிடும். விரல் பட்டாலே சீறும்.

இனி, சத்தம் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். கிதாரின் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். அப்போது சிக்னல் முனை நேராக எர்த்தோடு சேர்ந்துவிடுவதால் கிதாரிலிருந்து எதுவும் வர முடியாது. அதன் பிறகும் இரைந்தால் குற்றவாளி கேபிளோ, பெடலோ, ஆம்ப்போ, மிக்ஸரோ தான். கேபிளை மாற்றிப் பாருங்கள். மல்ட்டிமீட்டரில் இரு முனைப் பின்களின் நுனிக்கு நுனியும் உடலுக்கு உடலும் ஏறக்குறைய 0 ஓம், நுனிக்கும் உடலுக்கும் இடையே முழுத் திறப்பு இருக்க வேண்டும். அளக்கும்போதே இரு முனைகளிலும் கேபிளை வளைத்து ஆட்டுங்கள், ஏனென்றால் பின்னின் கழுத்தில்தான் ஷீல்டு அறுகிறது. மைக் செட் பெட்டியிலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கர் கேபிளிலும் அதே கால் அங்குல பின்தான் இருக்கும், உள்ளே ஷீல்டு இருக்காது. அதைக் கிதாருக்குப் போட்டால் கூடம் முழுவதிலுமுள்ள இரைச்சலை வாரிக்கொண்டு வரும்.

பெடல் பயன்படுத்தினால் எல்லாவற்றையும் விலக்கி, கிதாரிலிருந்து ஆம்ப்புக்கு நேராகச் செருகுங்கள். சத்தம் போனால் பெடல்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். ஒரே அடாப்டரிலிருந்து ஐந்தாறு பெடலுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒயர்தான் வழக்கமான காரணம். அதில் ஒரு டிஜிட்டல் டிலே இருந்தால் கொசு பாடுவது போல 'ஈஈ' என்று கேட்கும். அந்தப் பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் தனித்தனியாகப் பிரித்த வெளியீடுகள் உள்ள பவர் சப்ளை வாங்குவதே தீர்வு.

ஆலயத்தின் கரண்ட்டுக்கு வருவோம். ஆராதனை இல்லாத நேரத்தில், ஆம்ப்பை ஆன் செய்து கிதாரைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவரை சுவிட்ச் போர்டில் நிற்கச் சொல்லுங்கள். டியூப்லைட்டுகள், மின்விசிறிகள், எல்.இ.டி. விளக்குகள் என்று ஒவ்வொரு வரிசையாக அணைத்துக் கேளுங்கள். அதிகம் அகப்படுவது எலக்ட்ரானிக் பேன் ரெகுலேட்டர். அது ஒவ்வொரு அரை அலையையும் நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. வெட்டுகிற அந்த நொடிதான் 'ஜ்ர்ர்' ஆகிறது. அதனால் முழு வேகத்தில் வைத்தால் சத்தம் வெகுவாகக் குறையும், நடுவேகத்தில் மோசமாக இருக்கும். கப்பாசிட்டர் வகை படி ரெகுலேட்டருக்கு மாற்றினால் அந்தத் தொல்லை தீரும். கிறிஸ்மஸ், அறுப்பின் பண்டிகை நாட்களில் மேடையைச் சுற்றிக் கட்டும் சீரியல் செட்டும் இதே வேலையைச் செய்யும். கிதார் கேபிளைக் கரண்ட் ஒயர்களோடு சேர்த்துக் கட்டாமல் ஓர் அடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும்.

வீட்டிலோ ஆலயத்திலோ கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏறிய உடனே இரைச்சல் பல மடங்காகிறதா? அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலை இன்வெர்ட்டரில் அப்படி ஆகாது. கிதாரைத் திறந்து இதைச் சரிசெய்ய முடியாது. பாடல் வரிகளைத் திரையில் காட்டும் லேப்டாப்பையும் சந்தேகப்படுங்கள். அதன் ஒலியும் மிக்ஸருக்கு வந்தால், சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் லேப்டாப்பிலிருந்து மிக்ஸருக்கு வரும் ஒலிக் கேபிளில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டால் போதும்.

இப்போது எர்த். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் இரைச்சல் நிற்கக்கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆம்ப்புக்குள் கரண்ட் வரும் லைன் ஒயர் சேஸியை (உலோக உடலை) தொட்டுவிட்டால் 230 வோல்ட் கிதாரின் ஸ்ட்ரிங் வரை வந்து நிற்கும். உங்கள் கை ஸ்ட்ரிங்கில், உதடு எர்த் ஆன மைக்கில். நெஞ்சு வழியாகத்தான் கரண்ட் பாயும். 1972-இல் இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸின் ஸ்வான்சீயில், ஸ்டோன் தி க்ரோஸ் இசைக்குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் கோளாறுதான் காரணம்.

அதனால் புது இடத்தில் செருகும் முன் சாக்கெட்டை அளந்து பாருங்கள். மீட்டர் 600 அல்லது 750 வோல்ட் ஏ.சி. வரம்பில் இருக்கட்டும். சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது லைன், இடது நியூட்ரல். லைனுக்கும் நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டி வர வேண்டும். லைனுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். லைனுக்கும் எர்த்துக்கும் 80, 120 என்று ஏறி இறங்கினால் எர்த் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பத்து வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் அங்கே வாசிக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மேட்டு நிலத்தில் செம்பாறை மண்ணில் வெட்டிய எர்த் குழி மார்ச், ஏப்ரலில் காய்ந்துபோகும். உப்பும் கரியும் போட்டு அமைத்த குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுவது பழைய பழக்கம், அது சரியான பழக்கமும்கூட. சந்திப்பில் போடும் கன்வென்ஷன் மேடையில் ஜெனரேட்டர் என்றால், அதற்கென்று எர்த் கம்பி அடித்திருக்கிறார்களா என்று மைக் செட்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். லைனில் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) இருப்பது நல்லது. பாடத் தொடங்கும் முன் மீட்டரின் ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் மறுமுனையை மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணம் தெரியும்வரை மைக்கைத் தொடாதீர்கள்.

இதையொட்டி ஒன்று. ஸ்ட்ரிங் எர்த் ஒயரின் நடுவே 0.33 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் கப்பாசிட்டர் போட்டால் ஷாக் அடிக்காது என்று இணையத்தில் பரவலாகச் சொல்கிறார்கள். 120 வோல்ட் நாட்டில் பிறந்த யோசனை அது. நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கணக்கிட்டால் அதன் தடை சுமார் 9,600 ஓம், பாயும் கரண்ட் சுமார் 24 மில்லி ஆம்பியர். கை பிடித்த பிடியை விட முடியாமல் போக அது போதும், 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. விழும் என்றும் உறுதியில்லை. இதை நம்பி எர்த் இல்லாத இடத்தில் வாசிக்கக் கூடாது.

ஆம்ப் மேடைக்குப் பக்கத்துச் சாக்கெட்டில், மிக்ஸர் கூடத்தின் மறுகோடியில், இரண்டையும் ஒரு கேபிள் இணைக்கிறது என்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி ஒரு வளையமாகும். கிதார் வால்யூம் பூஜ்யத்திலும் தளராத 'ம்ம்' இதன் அடையாளம். இரண்டுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் கொடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் டிரான்ஸ்பார்மர் உள்ள பாசிவ் டி.ஐ. பாக்ஸ் (கிதார் சிக்னலை மைக் கேபிளில் அனுப்ப ஏற்றதாக்கும் சிறு பெட்டி) வைத்து, அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளுங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கிறது, கரண்ட் பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும். உங்கள் கிதார் நேராக மிக்ஸரில் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் டி.ஐ. பாக்ஸ் தேவை. பத்து மீட்டர் கிதார் கேபிள் இரைச்சலையும் வாங்கும், மேல்ஸ்தாயி ஒலியையும் தின்னும். மேடையிலேயே மூன்று மீட்டர் கேபிளில் டி.ஐ. வரை வந்து, அங்கிருந்து மைக் கேபிளில் போகட்டும். பாசிவ் பிக்கப்புக்கு ஆக்டிவ் டி.ஐ. ஒலியை இன்னும் நன்றாகக் காக்கும். வளையத்தை அறுக்க டிரான்ஸ்பார்மர் வகையே உறுதி.

இவ்வளவும் பார்த்த பிறகு கிதாரைத் திறக்கலாம். திறக்கும் முன்பே ஜாக் வழியாக அளந்துவிடுங்கள். கேபிளைச் செருகி, வால்யூம் முழுதும் வைத்து, மறுமுனையின் நுனிக்கும் உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். 1, 3, 5 நிலைகளில் சுமார் 5 முதல் 7 கிலோ ஓம். 2, 4-இல் இரண்டு பிக்கப்பும் இணையாக வருவதால் ஏறக்குறைய பாதி. 250 கிலோ ஓம் காட்டினால் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டர்) மட்டும்தான் தெரிகிறது, அந்தப் பிக்கப் அறுந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். பின்னின் உடலுக்கும் பிரிட்ஜ் சேடிலுக்கும் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். 'பீப்' சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். சில மீட்டர்கள் 50 ஓமுக்கும் பீப் அடிக்கும், துருப்பிடித்த இணைப்பும் தேறிவிடும்.

தேங்காய்ப்பட்டணம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் இந்தத் துருதான் பெரிய வில்லன். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம், உப்புக் காற்று வேறு. ஸ்ட்ராட் வகையில் எர்த் ஒயர் பின்புறக் குழியில் ஸ்பிரிங் மாட்டும் கொக்கித் தகட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். பற்று பளபளப்பில்லாமல் மணல்போல் இருந்தாலோ, ஒயர் ஆடினாலோ அது சரியாக உருகி ஒட்டாத பற்று. அந்தத் தகடு சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் 25 வாட் சால்டரிங் அயர்ன் பயன்படாது. 60 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். முடியாவிட்டால் ஒயரில் வளைய லக் போட்டு, பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் கொக்கியின் ஸ்க்ரூவுக்கு அடியில் இறுக்குங்கள், நன்றாகவே நிற்கும். டெலிகாஸ்டரில் பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் வெறும் ஒயர் நசுங்கி இருக்கும். பிரிட்ஜைத் தூக்கி இரண்டு பக்கமும் எமரித் தாளால் தேயுங்கள்.

வால்யூம், டோன் பாட்களின் முதுகில் பற்றவைக்கும்போது அந்த இடத்தை எமரித் தாளால் கீறி, அயர்னை நன்கு சூடாக்கி, மூன்று நான்கு நொடியில் முடித்துவிடுங்கள். பத்து நொடி பிடித்தால் உள்ளே கார்பன் பாதை வெந்துபோகும். 60/40 ஈயக் கம்பி போதும், பசை அதற்குள்ளேயே இருக்கிறது. தகர வேலைக்கான ஆசிட் பசையைக் கிட்டவே விடாதீர்கள், மூன்று மாதத்தில் பச்சை பூத்துவிடும். பாட்களுக்கு இடையே எர்த் இரண்டு வழியாகப் போனால் வளையம் உண்டாகும் என்று பயமுறுத்துவார்கள். ஒரு கைப்பிடிக் குழிக்குள் அது காதுக்குக் கேட்கிற அளவுக்கு வராது. எர்த் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்பதே கவலை.

ஷீல்டிங்குக்கு 50 மி.மீ. அகல தாமிர டேப் 4 மீட்டர் வாங்குங்கள். நாகர்கோவில், திருவனந்தபுரம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், ஆன்லைனிலும் கிடைக்கும். பசையும் மின்கடத்துவதா என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகமென்றால் இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, மேல்பக்கங்களை அளங்கள். கடத்தாத பசை என்றால் ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒரு பொட்டு ஈயம் வைக்க வேண்டும். சமையலறை அலுமினியத் தாளும் வேலை செய்யும், ஆனால் அதில் ஈயம் ஒட்டாது, ஸ்க்ரூவால்தான் இணைக்க முடியும்.

ஸ்ட்ரிங்கைக் கழற்றி, பிக்கார்டை (பிக்கப், குமிழ்கள் பொருத்திய முகப்புத் தகட்டை) தூக்கும் முன் ஒயரிங்கை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். அதற்கு அடியில் மரத்திலுள்ள குழியின் தரையில் முதலில் டேப் ஒட்டுங்கள், பிறகு சுவர்களில். சுவர்த் துண்டு தரையில் 5 மி.மீ. ஏறட்டும். ஸ்க்ரூ இருக்கும் ஓரிரு இடங்களில் டேப்பின் விளிம்பை மேல் தளத்துக்கு மடியுங்கள், அங்கேதான் பிக்கார்டின் அடித்தகடு வந்து தொட வேண்டும். இந்த மடிப்பை விட்டுவிட்டால் மூடியும் குழியும் தனித்தனியாகி, செய்த வேலையில் பாதி வீண். பிக்கார்டின் அடிப்புறம் முழுக்க ஒட்டி, பாட், சுவிட்ச், ஸ்க்ரூத் துளைகளைக் கத்தியால் வெட்டுங்கள். விளிம்பு தாள்போல் விரலைக் கிழிக்கும், கவனம். குழித் தகட்டிலிருந்து வால்யூம் பாட் முதுகுக்கு ஒரு ஒயர் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளங்கள். எல்லாம் 1 ஓமுக்குள் வர வேண்டும். ஜாக் குழி தனியாக இருப்பதால் அதற்கும் டேப் ஒட்டி, ஜாக்கின் எர்த் காதிலிருந்து தகட்டுக்குத் தனி ஒயர் கொடுங்கள்.

மூடிய பிறகு சத்தமே வரவில்லை என்றால் பதற வேண்டாம். சுவிட்சின் கால்களில் ஒன்றோ, பின்னைச் செருகும்போது வெளியே விரியும் ஜாக்கின் நுனித் தகடோ தாமிரத்தைத் தொடுகிறது. அந்த இடங்களில் மட்டும் தாமிரத்தின்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஜாக்கில் கேபிளின் பின்னைச் செருகிய நிலையில் அளந்தால்தான் இது தெரியும், காலி ஜாக்கில் எல்லாம் சரியாகவே காட்டும்.

இதன் பிறகு கையை எடுத்தாலும் வைத்தாலும் இரைச்சல் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும், 'ஜ்ர்ர்' பெருமளவு போயிருக்கும். 1, 3, 5 நிலைகளில் மிச்சமிருக்கும் 'ம்ம்' சிங்கிள் காயிலுடையது. டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்ப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, நல்ல கோணத்தில் நின்றால் பாட்டுக்கு இடைஞ்சல் இல்லை. நாய்ஸ் கேட் பெடல் இடைவெளியில் மட்டும் வாயை மூடும், வாசிக்கும்போது திறந்துவிடும். மெல்லிய ஆராதனைப் பாட்டில் நீள நீட்டும் சுரத்தின் வாலையும் வெட்டும். டிஸ்டார்ஷன் போட்டு வாசிப்பவராக இருந்து அந்த 'ம்ம்' பொறுக்கவே முடியவில்லை என்றால், அப்போது பிக்கப் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. அதே அளவில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காயில் அடுக்கிய நாய்ஸ்லெஸ் வகையைக் கேளுங்கள். மரத்தைக் குடைய வேண்டியதில்லை. பாட் 250 கிலோ ஓமா 500 கிலோ ஓமா என்பதை மட்டும் அந்தப் பிக்கப்போடு வரும் தாளில் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.